'அஸ்ட்ரா' பெரிய ஆல்பமா, வெறும் இரைச்சலா?

கேள்வி இது: "டர்பனைச் சேர்ந்த ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் குழுவின் 'அஸ்ட்ரா' ஆல்பத்தைத் தென்னாப்பிரிக்க சைக்கடெலிக் ராக்கின் உச்சம் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். கேட்டுப் பார்த்தால் எனக்கு எதிரொலியும் இரைச்சலும்தான் கேட்கிறது. கேட்ட நண்பர்களும் அதையேதான் சொல்கிறார்கள். யார் பேச்சை நம்புவது? அந்தக் காலத்தில் டர்பனில் நம் தமிழ் ஆட்கள் இதையெல்லாம் கேட்டார்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டோம். நிறையப் பேர் இல்லை, ஆனால் கேட்டோம். எங்கள் வீட்டில் அந்த எல்பி 1971 முதல் இருக்கிறது. என் அண்ணன் நகரத்தில் ஒரு இசைத்தட்டுக் கடையில் பார்சல் கட்டும் வேலையில் இருந்தார். உறை மடங்கிப்போனதால் விலை குறைத்துக் கொடுத்த ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது 13 வயது. அதிலிருந்து இன்றுவரை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் யார் எவர் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சைக்கடெலிக் ராக் என்றால் எதிரொலி போன்ற ஒலி வித்தைகளால் கனவு மயக்கம் போன்ற உணர்வைத் தரும் ராக். ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் 1966இல் டர்பனில் தொடங்கிய வெள்ளையர் குழு. பாஸ் கிட்டார் வாசித்த ராம்சே மக்காய்தான் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர். டிரம்ஸ் காலின் பிராட்லி. 'அஸ்ட்ரா' 1970இல் வந்தது, அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். அதில் கிட்டார் ஜூலியன் லாக்ஸ்டன், குரல் பிரையன் டேவிட்சன், ஆர்கன் நிக் மார்ட்டென்ஸ். இதற்கு நடுவில் அவர்கள் லண்டனுக்குப் போய்ப் பிழைத்துப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்கர்கள் என்பதால் வேலை அனுமதி கிடைக்காமல் ஊர் திரும்பினார்கள். லண்டனில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, அங்கே இடமில்லாமல், இந்த அடைபட்ட நாட்டுக்கு வந்து போட்ட ஆல்பம் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் பல விஷயங்கள் புரியும்.

இப்போது விமர்சகர்கள். அவர்கள் பாராட்டில் எனக்குக் குறை எதுவும் இல்லை, பாராட்டும் விதத்தில்தான் குறை. பெரும்பாலும் ஒரே வாய்ப்பாடுதான்: "தென்னாப்பிரிக்காவின் பிங்க் ஃபிளாய்ட்", "ஹாக்விண்ட் போல விண்வெளி ராக்". ஒரு பாட்டைக் கேட்டதும் அது வேறு யாரைப் போல இருக்கிறது என்று சொல்வது சுலபம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் கேட்பவர் பிங்க் ஃபிளாய்டின் துல்லியமான பதிவை எதிர்பார்த்து வருகிறார். இங்கே கிடைப்பது அடர்ந்த, கலங்கிய, அழுத்தமான ஒலி. ஏமாந்துதான் போவார். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். சேகரிப்பாளர்களின் புகழ்ச்சி இன்னொரு பக்கம். முதல் பதிப்பு எல்பி பல நூறு டாலருக்குக் கைமாறுகிறது. அரிதாகக் கிடைப்பதாலேயே ஒரு தட்டைப் பெரிய இசை என்று சொல்லும் பழக்கம் அவர்களில் சிலருக்கு உண்டு. அதை நம்பி யாரும் ஆல்பம் கேட்கக் கூடாது.

கேட்பவர்கள் பக்கம் வருவோம். நான் பிறகு பல வருடங்கள் கிரே தெருப் பக்கம் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தேன். முன்பக்கம் மெட்ராஸிலிருந்து வந்த சினிமாத் தட்டுகள், பின்பக்கம் ராக், சோல், ஜாஸ். 'அஸ்ட்ரா'வை வாங்கிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் சொன்ன புகார்கள் எனக்கு மனப்பாடம். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. குரலுக்கு ஏன் இத்தனை எக்கோ? ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. முணுமுணுக்க ஒரு மெட்டு கிடையாது. ஒரு பெரியவர், நல்ல ஜாஸ் ரசிகர், "தம்பி, இது பக்கத்து அறையில் நடக்கிற கச்சேரி மாதிரி இருக்கு" என்றார்.

அவர் குறையாகச் சொன்ன அந்த வாக்கியம்தான் இந்த ஆல்பத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான வாக்கியம் என்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் குடும்பம் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். கேட்டோ மேனரில் தகர வீடுதான், ஆனால் சுற்றிலும் மாமரமும் வெளியும். சாட்ஸ்வர்த்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். பக்கத்து வீட்டுத் தாத்தா இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். அண்ணன் இரவில் எல்லோரும் படுத்த பிறகுதான் தட்டு போடுவார். சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி மெத்தை மேல் வைப்பார். ஊசி தாவாமல் இருக்க அதன் தலையில் ஒரு செண்ட் காசை ஒட்டியிருப்பார். அப்படிக் குறைந்த ஒலியில், இருட்டில், 'ஸ்லோலி டுவர்ட்ஸ் தி நார்த்' வரும். அந்த ஆர்கனும் டேவிட்சனின் குரலும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போலவே இருக்கும். யாரோ நமக்கு எட்டாத ஓர் இடத்தில் கூப்பிடுகிறார்கள், கூப்பிடுகிற சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. அதைப் பதிவுக் கோளாறு என்று என்னால் நினைக்க முடிந்ததே இல்லை.

லாக்ஸ்டன் வெறும் கிட்டார்காரர் மட்டும் இல்லை, ஒலிக்கருவிகளைத் தானே செய்து பார்க்கிற ஆள். 'பிளாக் பாக்ஸ்' என்று அவரே உருவாக்கிய ஒரு எக்கோ பெட்டி அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. எக்கோ என்பது அவருக்கு வாசிக்கும் கருவிகளில் ஒன்று. ஒரு சுரத்தை எழுப்பி, அது திரும்பி வருவதற்குள் அடுத்ததை வைத்து, இரண்டும் மோதும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று பிறக்க வைப்பார். அதற்குக் கீழே மக்காயின் பாஸ் ஓரிடத்தில் நிலைத்து நின்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

இது ராக் ரசிகர்களுக்குப் புதுசாக இருந்திருக்கலாம். நமக்கு இதில் என்ன புதுசு? தம்பூரா ஒரே சுருதியில் நிற்க, அதன் மேல் மற்றதெல்லாம் அலையும் இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும்போது உறுமியும் தப்பும் ஒரே நடையை விடாமல் திரும்பத் திரும்ப அடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒரு கட்டத்தில் தூக்குபவருக்கு அருள் வரும். அந்தக் கூட்டத்தில் நின்ற பையனுக்குக் காலின் பிராட்லியின் டிரம்ஸில் விளக்கம் தேவைப்படவில்லை. 'தி ஹோம்கமிங்' பாட்டில் அவர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். அதே பாட்டின் மேடைப் பதிவு ஒன்று அடுத்த ஆல்பமான 'கேலக்டிக் வைப்ஸ்'இல் (1971) இருக்கிறது, நீண்ட டிரம்ஸ் தனியோடு. என் அம்மா அதைக் கேட்டுவிட்டு "யார் வீட்டில் காவடி?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சமையலறையிலிருந்து காதில் விழுந்ததைக் கேட்டார்.

அந்தப் பெயரும் எங்களுக்கு வேறு மாதிரி ஒலித்தது. 'அஸ்ட்ரா' என்றால் லத்தீனில் விண்மீன்கள். எங்கள் பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். இங்கே அதை ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றே சொல்வார்கள். அர்ஜுனன் பாசுபதாஸ்திரத்துக்காகத் தவம் இருக்கும் கதையை அதில்தான் பார்த்தோம். அண்ணன் உறையைக் காட்டி "அஸ்திரம்டா" என்றார். அதை எழுதியவருக்கு அந்த அர்த்தம் தெரிந்திருக்காது. எங்களுக்கு அப்படியே நின்றுவிட்டது.

சரி, சொற்களுக்கு வருவோம். "பாட்டு வரி புரியவில்லை" என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. மக்காயின் வரிகள் பல இடங்களில் மூடுமந்திரமாக இருக்கும். பைபிள் படிமங்கள், விலங்குகள், பயணம், வீடு திரும்புதல் என்று போகும், எதையும் நேராகச் சொல்லாது. ஆனால் நேராகச் சொல்லக்கூடிய நாடா அது? குழுவின் பெயரிலேயே சிக்கல் வந்தது. 'ஃப்ரீடம்' என்ற சொல் வானொலிக்கு ஆகாது என்பதால் ஆரம்பத் தட்டுகளில் 'ஃப்ளீடம்ஸ் சில்ட்ரன்' என்று அச்சடித்தார்கள். ஃப்ளீ என்றால் தெள்ளுப்பூச்சி. 'அஸ்ட்ரா'விலேயே நாசரேத்திலிருந்து வந்த பையனைப் பற்றிய பாட்டு ஒன்று இருக்கிறது. ஏசுவைப் பற்றி ராக் பாட்டு என்றால் தணிக்கையில் மாட்டிக்கொள்ளும் என்று 'நாசரேத்' என்பதை 'ஹாசரேத்' ஆக்கினார்கள். உறையில் அப்படியே அச்சாகி இருக்கிறது: 'தி கிட் ஹி கேம் ஃப்ரம் ஹாசரேத்'. ஒற்றை எழுத்துதான். நான் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு அச்சுப்பிழை என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

இதை மிகையென்று நினைப்பவர்களுக்கு: ஜான் லெனன் 1966இல் தன் குழுவை ஏசுவோடு ஒப்பிட்டுச் சொன்ன ஒரு பேச்சுக்காக பீட்டில்ஸ் பாட்டுகளைத் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் 1971 வரை ஒலிபரப்பவே இல்லை. ஆகாத பாட்டு இருக்கும் தட்டில் அந்தப் பாட்டின் மேல் கூரிய கருவியால் கீறி, ஊசி ஓடாமல் செய்துவிடுவார்கள். புதுப் பாட்டு வேண்டும் என்றால் சிற்றலையில் லோரன்சோ மார்க்கெஸிலிருந்து (இன்றைய மபூட்டோ) வந்த எல்.எம். ரேடியோவைத்தான் பிடிக்க வேண்டும். டெலிவிஷன் 1976 வரை கிடையாது. இந்த நிலையில் ஒருவர் தன் சொல்லை எக்கோவுக்குள் ஒளித்து வைத்தால், அதைப் பாணி என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

அதற்காக எல்லாவற்றையும் தணிக்கை மேல் போட்டுத் தப்பிக்கவும் கூடாது. சில இடங்களில் வரி நிஜமாகவே பலவீனமானது. 'ஜென்டில் பீஸ்ட்ஸ்' இரண்டு பகுதிகளாக வருகிறது. இரண்டாவது பகுதிக்கு முதல் பகுதியை விடச் சொல்ல அதிகமாக ஏதும் இல்லை என்பது என் கருத்து. டேவிட்சன் குரலை உயர்த்தும்போது சில சமயம் நாடகமேடைப் பாங்கு வந்துவிடுகிறது. பிடித்தவர்களுக்கு அது உருக்கம், பிடிக்காதவர்களுக்கு அலறல். நான் இந்த விஷயத்தில் கேட்பவர்கள் பக்கம்.

'மெடல்ஸ் ஆஃப் பிரேவரி' அப்படி இல்லை. தலைப்பே வீரப் பதக்கங்கள். 1967இல் சட்டத்தைத் திருத்தி வெள்ளைப் பையன்கள் எல்லோருக்கும் ஒன்பது மாதம் கட்டாய ராணுவப் பணி என்று ஆக்கியிருந்தார்கள். இந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள். அவர்கள் காதில் அந்தத் தலைப்பு எப்படி விழுந்திருக்கும்? லண்டன் குழுக்களோடு ஒப்பிடும் விமர்சனங்கள் தவறவிடுவது இதைத்தான். லண்டனில் சைக்கடெலிக் என்றால் பூவும் வண்ணமும் பயணமும். இங்கே அதே ஒலி எடுத்துக்கொண்ட நிறம் அச்சம்.

அப்புறம் 'ட்ரைபல் ஃபென்ஸ்'. ஆல்பத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான பாட்டு. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இனவேலி'. 1970இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு வெள்ளையர் குழு பாட்டுக்கு இப்படிப் பெயர் வைப்பது சின்ன விஷயம் இல்லை. எங்களுக்கு வேலி என்பது உருவகம் கிடையாது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து, கேட்டோ மேனரிலிருந்து எங்களைப் பெயர்த்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது 1950இல். பொது நிகழ்ச்சிகளில் வெவ்வேறு இனத்தார் ஒன்றாக உட்காரக் கூடாது என்று 1965இல் அரசாணை வேறு வந்தது. இந்தக் குழு எங்கள் ஊர்க் குழு, பஸ்ஸில் போகிற தூரத்தில் வாசித்தார்கள். என் அண்ணனால் அவர்களைக் கூட்டத்தில் நின்று பார்க்க முடியவில்லை. ஒரு தடவை கடற்கரைப் பக்கம் ஒரு அரங்கின் பின்சந்தில், சுவரோரம் நின்று கேட்டுவிட்டு வந்தாராம். "பாஸ் மட்டும்தான் கேட்டது, ஆனா போதும்" என்றார். அந்த ஜாஸ் பெரியவர் சொன்ன 'பக்கத்து அறைக் கச்சேரி' அண்ணனுக்கு அப்படியே நடந்தது.

இதே ஊரில் இன்னொரு குழு இருந்ததையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. தி ஃப்ளேம்ஸ். ஃபட்டார் சகோதரர்கள் நடத்தியது, பிறகு பிளாண்டி சாப்ளின் சேர்ந்தார். இவர்கள் வெள்ளையர் அல்லாதவர்கள், வேலிக்கு நம் பக்கம் இருந்தவர்கள். 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' பாட்டை இங்கே தெரியாதவர் கிடையாது, கல்யாண வீடுகளில் வாசிப்பார்கள். லண்டன் போனார்கள். பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துப்போய்த் தானே தயாரித்து 1970இல் 'தி ஃப்ளேம்' ஆல்பத்தை வெளியிட்டார். நான்கு ஸ்பீக்கரில் கேட்கும் முறையில் வந்த முதல் ராக் தட்டுகளில் அதுவும் ஒன்று. 1972இல் ரிக்கி ஃபட்டாரும் சாப்ளினும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டு ஆல்பங்கள். ஃப்ளேம் ஆல்பம் பளபளப்பாக, மெட்டோடு, கதவு திறந்த வீடு மாதிரி இருக்கும். 'அஸ்ட்ரா' பூட்டிய அறை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். டர்பனைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் பாதி அதிலேயே கிடைத்துவிடும். விமர்சகர்கள் இரண்டையும் தனித்தனியாக எழுதிவிட்டுப் போகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

வேலிப் பாட்டின் கதை 1970உடன் முடியவும் இல்லை. 1977இல் தென்னாப்பிரிக்கப் பாடகி மார்கரெட் சிங்கானா அதைப் பாடினார். அவருடைய ஆல்பத்துக்கே அந்தப் பாட்டின் பெயர்தான். ஒரு கறுப்பினப் பெண் குரலில், எக்கோ மூட்டத்திலிருந்து வெளியே வந்து, அந்தப் பாட்டு வெளிச்சத்தில் நின்றது. மெட்டே இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான். மெட்டு இருந்தது, நல்ல வலுவான மெட்டு. 'அஸ்ட்ரா' அதைப் புகைக்குள் வைத்திருந்தது, அவ்வளவே. சிங்கானாவைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் பழையதைப் போட்டால் புகைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

எனவே என் தீர்ப்பு என்ன என்று கேட்டால்: விமர்சகர்கள் கொடுத்த இடம் சரி, சொன்ன காரணம் தவறு. கேட்பவர்கள் சொன்ன குறை உண்மை, ஆனால் அந்தக் குறையில் பாதி அந்த நாடு. மீதிப் பாதி சுமாரான வரிகளும் கொஞ்சம் அதிகமான நாடகமும். அதற்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். முதல் ஆல்பத்தோடு ஒப்பிட்டால் 'அஸ்ட்ரா' பல படி மேலே, 'கேலக்டிக் வைப்ஸ்' அதன் நீட்சிதான்.

நீங்கள் எதில் கேட்டீர்கள் என்று சொல்லவில்லை. போனில், சின்ன ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் அந்த பாஸ் காணாமல் போயிருக்கும், மீதி இரைச்சல்தான். 2000களில் சிடியாக வந்த மறுவெளியீடு கிடைத்தால் அதை எடுங்கள், அல்லது நல்ல ஹெட்ஃபோன் போதும். முதல் பாட்டிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம். 'மெடல்ஸ் ஆஃப் பிரேவரி' முதலில், அதன் பிறகு சிங்கானாவின் 'ட்ரைபல் ஃபென்ஸ்', பிறகு அதே பாட்டு இவர்களுடைய குரலில். அது பிடித்தால் மட்டும் 'ஸ்லோலி டுவர்ட்ஸ் தி நார்த்'. அதை இரவில் கேளுங்கள், சத்தத்தை வழக்கத்தை விடக் குறைவாக வைத்து. எங்கள் தட்டில் அந்தப் பாட்டின் நடுவில் ஒரு சின்னத் 'டக்' சத்தம் வரும். அண்ணன் ஒட்டிய செண்ட் காசு ஒரு நாள் கழன்று விழுந்த இடம் அது. சுத்தமான பதிவில் கேட்கும்போதுகூட அந்த இடம் வந்ததும் என் காது அதற்காகக் காத்திருக்கிறது.